காத்மாண்டு வைரவருக்கு முன்னால்

1

முதலில் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். என் எழுத்து கோட்டில் நிற்காது, ஏறியும் இறங்கியும் போகும். எங்கே சின்ன 'ர', எங்கே பெரிய 'ற' என்பதில் இன்றைக்கும் தடுமாற்றம்தான். இதை அச்சுக்குக் கொடுக்கிற பிள்ளைகள் பொறுமையாக வாசித்து எழுத்துப் பிழைகளைத் திருத்திப் போடவேண்டும். சொன்ன விஷயத்தை மட்டும் திருத்த வேண்டாம்.

கொலோனில் எங்கள் ஆட்களின் சங்கம் ஒன்று ஆண்டு மலர் போடுகிறதாம். அதில் நூறு பிரதி ஊருக்கும் போகுமாம். இந்தச் செய்தியோடு வந்தவர் தில்லை அண்ணை. எனக்குக் கீழ் மாடியில் குடும்பத்தோடு இருக்கிறவர். ஜெர்மன் மொழியில் எனக்கு வந்த எல்லாக் கடிதங்களையும் வாசித்துச் சொன்னவரும் அவர்தான்.

"எல்லாரும் பாரிஸ், லண்டன் எண்டுதான் எழுதுவினம். நீ காத்மாண்டு போய் வந்தனி. எங்கட சனத்தில ஆர் அங்க போனது? கண்டதை எழுது" என்றார்.

அவர் சொன்னபடி கண்டதை எழுதுகிறேன். ஆனால் கண்டதை மட்டும் எழுத எனக்கு வரவில்லை. கன வருடமாக என் மனைவியிடம் மறைத்து வைத்திருந்த ஒன்றை அந்தப் பழைய நகரத்தின் நடுவில் வைத்துத்தான் சொன்னேன். ஊரில் என்னைத் தெரிந்தவர்களும் இதை வாசிப்பார்கள். வாசிக்கட்டும்.

2

நான் பேர்லினில் நொய்கெல்ன் பகுதியில் இருக்கிறேன். என் வேலை மாடிப்படி கழுவுவது.

இந்த வரியை எழுதிவிட்டு எழும்பிப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

இங்கே பழைய வீடுகள் தெருவில் நின்று பார்த்தால் ஒரு வீடு மாதிரித்தான் தெரியும். பெரிய வாசலுக்குள் போனால் ஒரு முற்றம், அதைச் சுற்றி இன்னொரு கட்டிடம். அந்தக் கட்டிடத்துக்கு ஊடாக ஒரு நடை போகும். அதற்கு அப்பால் இன்னும் ஒரு முற்றமும் ஒரு கட்டிடமும் இருக்கும். எல்லாம் ஐந்து மாடி. காலை ஐந்தரை மணிக்கு வாளியோடு தொடங்குவேன். மேல் மாடியில் இருந்து கீழே கழுவிக்கொண்டு வரவேண்டும். கீழே இருந்து போனால் கழுவிய படியை நாமே மிதிக்கவேண்டி வரும். பிறகு முற்றம் கூட்டி, குப்பைத் தொட்டிகளைத் தெருவுக்கு இழுத்து வைப்பேன். சனம் வேலைக்கு இறங்கும்போது நான் அடுத்த வீட்டுக்குப் போயிருப்பேன். நான் கூச்சக்காரன். ஒருவரோடும் கதைக்கத் தேவையில்லாத வேலை என்பதால் அது எனக்குப் பிடித்தும் இருந்தது.

பிடித்த வேலையை ஏன் மறைத்தாய் என்று கேட்பீர்கள். எனக்குக் கலியாணம் நடந்தது எண்பத்தைந்தாம் ஆண்டு. இருபத்து மூன்று நாள் சேர்ந்திருந்தோம். ஊரில் ஆமி இளம் ஆட்களைப் பிடித்துக்கொண்டு போகத் தொடங்கியதும் என்னைக் கொழும்புக்கு அனுப்பி, அங்கிருந்து இங்கே அனுப்பிவிட்டார்கள். மனைவி இராசமலர், நான் மலர் என்பேன், தன் தமையன் வீட்டில் நின்றாள். தமையன் வாத்தியார். கடிதம் போடும்போதெல்லாம், மாப்பிள்ளைக்கு அங்கே என்ன உத்தியோகம் என்று கடைசி வரியில் கேட்பார். முதல் வருடங்களில் எங்களுக்கு வேலை செய்ய அனுமதியே இல்லை. அனுமதி வந்து வாளியைக் கையில் எடுத்த கிழமை, ஒரு கொம்பனியில் மேற்பார்வை என்று எழுதினேன். முழுப் பொய் இல்லை என்று மனதுக்குச் சமாதானம் சொன்னேன். படி சுத்தமா என்று நான்தானே பார்க்கிறேன். அடுத்த கடிதத்தில் அந்தப் பொய்க்கு முட்டுக் கொடுக்க வேண்டி வந்தது. எனக்குக் கீழ் நாலு பேர் வேலை செய்கிறார்கள் என்று எழுதினேன்.

சண்டையால் மூடிக் கிடந்த பாதை திறந்து மலர் கொழும்புக்கு வந்தது தொண்ணூற்றாறில்தான். உடனே அவளை இங்கே கூப்பிட அன்ட்ராக் என்கிற விண்ணப்பம் போட்டோம். இங்கே மூச்சு விடுவதற்கும் ஒரு அன்ட்ராக் நிரப்ப வேண்டும் என்று தில்லை அண்ணை பகிடி சொல்வார். அவளை நேரில் விசாரிக்கக் கொழும்பில் நாள் கொடுத்தார்கள். இரண்டு மாதத்தில் மறுப்புக் கடிதம் வந்தது.

அண்ணை அதை இரண்டு தரம் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"தம்பி, மனிசியிட்ட உனக்கு என்ன வேலை எண்டு சொன்னனி?"

"மேற்பார்வை."

"ஆரை? வாளியையோ?"

அடுத்த அறையில் அவருடைய மூன்று பெண்பிள்ளைகளும் சிரித்தார்கள். நான் தலையைக் குனிந்தேன். "அவளவை தங்கட பாட்டுக்குச் சிரிக்கிறாளவை. எங்களில என்ன இருக்குச் சிரிக்க" என்றார். அது உண்மை. அவர் தமிழில் கேட்டால் பிள்ளைகள் ஜெர்மனில் மறுமொழி சொல்வார்கள். தங்களுக்குள் கதைப்பதில் பாதி அவருக்கே விளங்காது. அவருக்கு விளங்காதபோது என்னைப் பார்ப்பார், எனக்கும் விளங்கவில்லை என்று தெரிந்தால் ஆறுதல் அடைவார்.

கடிதத்தின் சாரம் இதுதான். கணவன் துப்புரவுத் தொழிலாளி என்று பத்திரம் சொல்கிறது. மனைவி மேற்பார்வையாளர் என்கிறாள். சேர்ந்து எடுத்த படமும் கலியாணப் படம் ஒன்றுதான். ஒருவர் வாழ்க்கை மற்றவருக்குத் தெரியவில்லை. ஆகவே இது விசாக் கடதாசிக்காகச் செய்த கலியாணமோ என்று சந்தேகம். இன்னொரு முறை விசாரிக்கக் கேட்கலாம். அதிலும் பிழைத்தால் கதை முடிந்தது.

"அந்த விசாரணை டெர்மினுக்கு முன்னம் அவளுக்கு உண்மையைச் சொல்லிப்போடு" என்றார் அண்ணை.

கடிதத்தில் எழுதப் பார்த்தேன், மூன்று தாள் கிழித்தேன். தொலைபேசியில் சொல்லவும் ஏலாது. அவள் கதைப்பது ஒரு கடையில் இருந்து. பின்னால் பத்துப் பேர் தங்கள் முறைக்குக் காத்து நிற்பார்கள். நேரில்தான் சொல்லவேண்டும் என்று முடிவாயிற்று. என் நீல நிற அகதிக் கடவுச்சீட்டோடு இலங்கைக்குப் போக முடியாது. இந்திய விசா கேட்டோம், வரவில்லை. நேபாளம் தந்தது. அவளும் அங்கே போகலாம் என்றார்கள். அப்படித்தான் தொண்ணூற்றாறு நவம்பரில், பெயரை மட்டும் கேள்விப்பட்ட ஊருக்குப் பன்னிரண்டு நாளுக்குப் போனேன்.

3

நான் ஒரு நாள் முந்திப் போய்ச் சேர்ந்தேன். அடுத்த நாள் விமான நிலையத்து வாசலில் காத்து நின்றேன். மலர்தான் என்னை முதலில் கண்டாள். நான் அவளைத் தாண்டி, பின்னால் வந்த வேறு பெண்களின் முகங்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவளுக்கு முன்பக்கத்து முடி நரைத்திருந்தது.

"மெலிஞ்சு போனியள்" என்றாள்.

பதினொரு வருடத்துக்குப் பிறகு முதற் சொல் அது. நான் "பயணம் சுகமே" என்று கேட்டேன், வீட்டுக்கு வந்த விருந்தாளியைக் கேட்பது போல.

அவளுக்கென்று குளிர் அங்கி ஒன்று கொண்டு போயிருந்தேன். அளவு தெரியாமல் உத்தேசமாக வாங்கியது. போட்டபோது அவளுடைய கைகள் இரண்டும் உள்ளே மறைந்துபோயின. அதை மடித்துவிட வேண்டும் என்று நினைத்தேன். தொட வெட்கமாக இருந்தது. அவளே மடித்துக்கொண்டாள்.

விடுதி பழைய நகரத்துக்குள் ஒரு ஒழுங்கையில் இருந்தது. சிவப்புச் செங்கல் கட்டிடம், மரச் சட்டமிட்ட யன்னல்கள், பதிவான கதவு. நான் போகும்போதும் வரும்போதும் தலையை இடித்தேன். விடுதிக்காரர் நாராயண் என்பவர் இருபது வருடம் ஜெர்மன்காரரை மலை ஏற்றிக்கொண்டு போனவர். என் கடவுச்சீட்டைக் கண்டதும் ஜெர்மன் மொழியில் தொடங்கிவிட்டார். பேர்லினில் தபால்காரரோடு கதைக்கவே திக்குகிற எனக்கு, அவரோடு தடங்கல் இல்லாமல் வந்தது. அவருக்கும் அது அந்நிய மொழி, எனக்கும் அந்நிய மொழி. பிழை பிடிக்க நடுவில் ஆள் இல்லை. மலர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டே, அங்கே என்ன வேலை செய்கிறீர்கள் என்று அவர் கேட்டார். மாடிப்படி கழுவுகிறேன் என்று ஜெர்மனில் சொன்னேன். எத்தனை மாடி என்றார். ஐந்து என்றேன். மலை ஏறுவது மாதிரித்தான் என்று தலையாட்டினார்.

"என்ன கேட்டவர்?" என்றாள் மலர்.

"என்ன வேலை எண்டு."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"இருக்கிற வேலையைச் சொன்னனான்."

அவள் நிமிர்ந்து இருந்து தேத்தண்ணீரைக் குடித்தாள். மேற்பார்வையாளரின் மனைவி இருப்பது போல் இருந்தாள். அன்றைக்கே சொல்லியிருக்கலாம். நாளைக்குப் பார்ப்போம் என்று விட்டேன்.

4

அப்படி நாளைக்கு, நாளைக்கு என்று ஐந்து நாள் அந்தப் பழைய நகரத்தைச் சுற்றினோம். உண்மையைச் சொன்னால், ஒரே அறையில் இரண்டு பேரும் என்ன கதைப்பது என்று தெரியாமல்தான் வெளியே நடந்தோம். காலையில் பனிப்புகார் விலகும். வடக்கே வீட்டுக் கூரைகளுக்கு மேல் வெள்ளை மலை ஒரு கீற்றுத் தெரியும். பிறகு முகில் மூடிவிடும்.

அசன் என்று ஒரு சந்தி. ஆறு தெருக்கள் அங்கே வந்து கூடுகின்றன. அரிசி, மஞ்சள், பித்தளைப் பாத்திரம், கருவாடு எல்லாம் நிலத்தில் குவித்து விற்கிறார்கள். கருவாட்டு மணத்துக்கு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தோம். அன்னபூரணி கோயில் ஒன்று சந்தியிலேயே இருக்கிறது. உள்ளே சிலை இல்லை, குடம்தான். "நிறைகுடம் வைச்சிருக்கினம்" என்று மலர் மெல்லமாகச் சொன்னாள். சுமை தூக்குகிறவர்கள் நெற்றியில் பட்டி கட்டி அலுமாரியை முதுகில் சுமந்தபடி, ஒரு கையால் அந்தக் கோயிலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஓடுகிறார்கள்.

அங்கிருந்து தெற்கே நடந்தால் அரண்மனைச் சதுக்கம். மூன்று நாலு அடுக்குக் கூரை வைத்த கோயில்கள், ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு நிற்பது போல. கோயில் படிக்கட்டுகளிலேயே ஆட்கள் குந்தியிருந்து பத்திரிகை வாசிக்கிறார்கள், மரக்கறி விற்கிறார்கள். ஒரே மரத்தில் கட்டியது என்று சொல்கிற பெரிய மண்டபம் ஒன்று உண்டு. ஊருக்குப் பெயரே அதில் இருந்து வந்ததாம். பக்கத்தில் ஒரு செங்கல் வீட்டில் சிறு பெண்பிள்ளை ஒன்றைத் தெய்வமாக வைத்திருக்கிறார்கள். முற்றத்தில் நின்றால் சில நேரம் யன்னலுக்கு வரும். நாங்கள் நின்றபோது வந்தது. கண்ணுக்கு மை நீட்டிப் போட்டிருந்தது. எங்களைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டது. "வயது வந்தா வீட்டை அனுப்பி விடுவினமாம்" என்று நான் நாராயண் சொன்னதைச் சொன்னேன். "போனா அந்தப் பிள்ளைக்குத் தாயோட கதைக்கத் தெரியுமே" என்று மலர் கேட்டாள். அன்று முழுக்க அதையே யோசித்துக்கொண்டு நடந்தாள் போல.

ஒரு கோயிலின் கூரையைத் தாங்கும் மரச் சட்டங்களில் ஆணும் பெண்ணுமாகச் செதுக்கியிருந்தார்கள். எதற்கு என்று சொல்லத் தேவையில்லை. நான் கண்டேன். அவளும் கண்டாள். இரண்டு பேரும் உடனே கீழே புறா பார்க்கத் தொடங்கினோம். மின்னலுக்கு உரிய தெய்வம் கன்னிப்பெண், கூச்சக்காரி, இதைக் கண்டால் கிட்ட வரமாட்டாள், அதனால் கோயிலில் இடி விழாது என்று நாராயண் பிறகு விளக்கம் சொன்னார். மலர் என்ன சொல்கிறார் என்று கேட்டாள். மழை பற்றிச் சொல்கிறார் என்றேன்.

நாலாம் நாள் பல்லுக்கொதிச் சாமியைக் கண்டோம். ஒரு மரக்குற்றி, அதில் இடைவெளி இல்லாமல் நாணயங்களை ஆணியால் அடித்திருக்கிறார்கள். பல் வலிக்கிறவர்கள் வந்து ஒன்று அடித்துவிட்டுப் போவார்களாம். அதைச் சுற்றி வரிசையாகப் பல் வைத்தியர்களின் கடைகள், கண்ணாடிக்குள் பொய்ப் பற்கள்.

"சாமியால ஏலாட்டி எதிரிலயே டாக்குத்தர். நல்ல ஏற்பாடு" என்று சொல்லி மலர் சிரித்தாள். கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் மறந்துபோயிருந்தேன். அதைப் பார்த்த பிறகு சொல்வது இன்னும் கடினமாகிவிட்டது.

5

ஆறாம் நாள் காலை நாராயண் எங்களோடு சதுக்கத்துக்கு வந்தார். ஒரு சுவர் ஓரமாக, கூரை இல்லாமல், வெட்டவெளியில் நிற்கிற கரிய சிலைக்கு முன்னால் நிறுத்தினார். இரண்டு ஆள் உயரம், ஒரே கல். ஆறு கை, மண்டையோட்டு முடி, பிதுங்கின கண், காலுக்கடியில் ஒரு உடல். நெற்றியிலும் காலிலும் குங்குமம் அப்பியிருந்தது. வேலைக்குப் போகிறவர்கள் நின்று கும்பிட்டுவிட்டு நடந்தார்கள்.

கால பைரவர், என்றார். முந்திய காலத்தில் வழக்குக்காரரை இங்கே கூட்டிக்கொண்டு வருவார்களாம். காலைத் தொட்டுச் சொல்லவேண்டும். பொய் சொன்னால் அதே இடத்தில் இரத்தம் கக்கிச் சாவார்களாம்.

"என்ன சொல்லுறார்?" என்றாள் மலர்.

இந்த முறை மழை பற்றி என்று சொல்ல வாய் வரவில்லை. உள்ளதை உள்ளபடி சொன்னேன்.

அவள் செருப்பைக் கழற்றினாள். எங்கள் பக்கத்தில் ஒழுங்கைக்கு ஒழுங்கை வைரவர் இருக்கிறார், வாசிக்கிற உங்களுக்குத் தெரியும். சூலம் ஒன்று நட்டு, வடைமாலை போட்டு, பயம் வந்தால் முதலில் கூப்பிடுவது அவரைத்தான். மலர் கன வருடமாக ஒவ்வொரு வெள்ளியும் விளக்கு வைத்தது அவருக்கு. அவள் கண்ணை மூடி வெகுநேரம் கும்பிட்டாள். பிறகு என்னைப் பார்க்காமல், சிலையைப் பார்த்தபடி கேட்டாள்.

"எங்கட வைரவர்தான். இவருக்கு முன்னால நான் ஒண்டு கேக்கிறன். அந்த ஒபிசர் கேட்டதுதான். உங்களுக்கு அங்க என்ன வேலை?"

நாராயணுக்குத் தமிழ் தெரியாது. என்றாலும் எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பூக்காரியின் பக்கம் நடந்துவிட்டார்.

"படி கழுவுறன்" என்றேன்.

"என்ன படி?"

"மாடிப்படி. வீடுகளில. முத்தமும் கூட்டுறன். குப்பைத் தொட்டி இழுத்து வெளியில வைக்கிறன்."

"மேற்பார்வை?"

"அப்பிடி ஒண்டும் இல்லை."

"உங்களுக்குக் கீழ நாலு பேர்?"

"ஒருத்தரும் இல்லை, மலர்."

அவள் குனிந்து சிலையின் காலடியில் இருந்து குங்குமம் எடுத்து நெற்றியில் வைத்தாள். செருப்பைப் போட்டாள். நடக்கத் தொடங்கினாள்.

6

ஊரில் அவள் எனக்குப் பின்னால் நாலடி விட்டுத்தான் நடப்பாள். அன்றைக்கு நான் பின்னால் நடந்தேன். சனத்துக்குள்ளே பெரிய அங்கி ஒன்று விலக்கிக்கொண்டு போவது மட்டும் தெரிந்தது. வழி தெரியாத ஊரில் அவள் ஒரு சந்தியிலும் தயங்கவில்லை. கம்பளி விற்கிற தெரு, மணிமாலை விற்கிற தெரு எல்லாம் தாண்டி ஒரு பதிந்த வாசலுக்குள் நுழைந்தாள். நான் வழக்கம் போலத் தலையை இடித்துக்கொண்டு உள்ளே போனேன்.

உள்ளே ஒரு முற்றம். நடுவில் சிறிய புத்தர் கோயில், ஒரு தண்ணீர்க் குழாய், நாலு பக்கமும் மூன்று மாடி வீடுகள். முற்றம் முழுக்க நெல் காயப் போட்டிருந்தது. அதற்கு மேல் வழி இல்லை. மலர் ஒரு படியில் இருந்துவிட்டாள். நான் நின்றேன்.

நெல்லுக்குச் சொந்தக்காரி, எங்கள் வயதுதான் இருக்கும், எங்களைப் பார்த்துவிட்டுத் தன் வேலையைத் தொடர்ந்தாள். மரப் பலகையால் நெல்லைக் கிளறிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் மலர் எழும்பினாள். செருப்பைக் கழற்றிவிட்டு, கால்களை இழுத்து இழுத்து நெல்லுக்குள் வரி போட்டுக்கொண்டு நடந்தாள். அந்தப் பெண் மறிக்கவில்லை. மூன்று சுற்று வந்தபின் என் முன்னால் நின்றாள்.

"நான் மூண்டு வருசமா ஆசுப்பத்திரியில கக்கூஸ் கழுவினனான். தெரியுமே உங்களுக்கு?"

"தையல் எண்டெல்லோ எழுதினீர்."

"ஓம், எழுதினனான். மேற்பார்வையாளற்ற பெண்சாதி கக்கூஸ் கழுவுறாள் எண்டு எழுத ஏலுமே? உங்கட உத்தியோகத்துக்கு இழுக்கு எண்டு ஒளிச்சனான். ஊராக்களிட்டையும் ஒளிச்சனான். வேலைக்குப் போகேக்க ஒரு சீலை, வீட்டை வரேக்க ஒரு சீலை."

நான் நெல்லில் அவள் போட்ட வரிகளைப் பார்த்தேன்.

"அந்த ஒபிசர் மனிசிக்கு முன்னால நெஞ்சை நிமித்திச் சொன்னனான், மேற்பார்வை எண்டு. அவ கடதாசியைப் பாத்திட்டு என்னைப் பாத்தா. அந்தப் பார்வை பாக்க நீங்கள் அங்க இருந்திருக்க வேணும்."

இவ்வளவையும் அவள் சத்தம் வைக்காமல் சொன்னாள். மாடி யன்னல் ஒன்றில் ஒரு கிழவர் புகைத்தபடி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பிழைதான் என்றேன். அதற்கு மேல் நான் என்ன சொன்னேன் என்று எனக்கு ஞாபகம் இல்லை. அவளைக் கேட்டால், அதைத்தான் பத்துத்தரம் சொன்னீர்கள் என்கிறாள்.

அவள் திரும்பப் போய்ப் படியில் இருந்தாள். நான் ஒரு படி கீழே இருந்தேன். வெய்யில் எங்கள் காலுக்கு வந்து, முழங்காலுக்கு ஏறியது.

"எத்தினை படி?" என்றாள்.

"எங்க?"

"நீங்கள் கழுவிற வீட்டில."

"முன்வீட்டில தொண்ணூற்றாறு. பின்வீட்டில தொண்ணூற்றிரண்டு."

"ஏன் நாலு குறைவு?"

அதை நான் யோசித்ததே இல்லை. முன்வீட்டில் மாடி ஒவ்வொன்றும் கொஞ்சம் உயரம், காசுக்காரருக்குக் கட்டினது என்று சொன்னேன். பிறகு அந்த முற்றத்தைக் காட்டி, இது போலத்தான் அங்கேயும், இந்த வாசல் மாதிரி ஒரு வாசல், இந்தக் குழாய் இருக்கிற இடத்தில் குப்பைத் தொட்டிகள், அந்தக் கிழவர் நிற்கிற யன்னலில் ஒரு கிழவி, நான் கூட்டும்போது மேலே இருந்து பார்ப்பாள், ஒரு நாளும் கதைத்ததில்லை என்று சொன்னேன். பதினொரு வருடத்தில் நான் இடைவிடாமல் அவ்வளவு கதைத்தது அன்றைக்குத்தான்.

7

மிச்ச ஐந்து நாளும் கோயில்களை விட்டுவிட்டு முற்றங்களையே தேடிப் போனோம். ஒரு இருட்டு வாசலைக் கண்டால் மலர் முந்திக்கொண்டு நுழைவாள். ஒன்றுக்குப் பின்னால் ஒன்று, அதற்குப் பின்னால் இன்னொன்று, கடைசியில் வேறொரு தெருவில் வெளியே வருவோம். வழி பிழைக்காமல் கூட்டிக்கொண்டு வர என்னால் முடிந்தது. எந்த நடைக்கு அப்பால் முற்றம் இருக்கும், எது அடைத்த சுவர் என்பது ஈரத்தையும் வெளிச்சத்தையும் பார்த்தாலே எனக்குத் தெரியும். தொழில் பழக்கம். அவள் அதைக் கவனித்தாள்.

நடந்துகொண்டே கேள்வி கேட்பாள். எத்தனை மணிக்கு எழும்புவீர்கள், வாளியில் என்ன ஊற்றுவீர்கள், வீட்டில் எத்தனை அறை, கட்டில் எந்தப் பக்கம். ஒரு அறைதான் என்றபோது நின்று பார்த்தாள், பிறகு நடந்தாள். நானும் கேட்டேன். ஆசுப்பத்திரியில் எத்தனை வாட்டு, யார் கூட வேலை செய்தது, சீலை மாற்றியது எங்கே. கிணற்றடியில், என்றாள்.

ஒரு விஷயத்தில் மட்டும் கோட்டை விட்டோம். சேர்ந்து நிற்கிற படம் வேண்டும் என்றுதான் கமரா கொண்டு போனேன். முப்பத்தாறு படச் சுருளில் முப்பத்தைந்தும் எடுத்து முடிந்தபோது, பாதியில் அவள் தனியே, பாதியில் நான் தனியே. பிற ஆளிடம் கமராவைக் கொடுத்து எங்களைப் பிடியுங்கள் என்று கேட்க இரண்டு பேருக்கும் வாய் வரவில்லை. கடைசி நாள் காலையில் விடுதி வாசலில் நாராயண் கேட்டு வாங்கி எடுத்தது ஒன்றுதான் தேறியது. கிட்ட நில்லுங்கள், இன்னும் கிட்ட என்று அவர் ஜெர்மனில் சொல்ல, நான் தமிழில் மொழிபெயர்க்காமல் ஒரு அடி அவள் பக்கமாகத் தள்ளிப் போனேன்.

விமான நிலையத்தில் அவளுடைய விமானம் முதலில். நான் கேட்கவேண்டியதை அங்கேதான் கேட்டேன்.

"வருவீரோ?"

"விசா தந்தா வாறன்" என்றாள். "தராட்டி, அது உங்களாலதான் எண்டு சாகுமட்டும் சொல்லிக்கொண்டிருப்பன்."

8

விசாரணை அடுத்த மே மாதம் நடந்தது. அன்று முழுக்க வேலைக்குப் போகாமல் தில்லை அண்ணை வீட்டுத் தொலைபேசிக்குப் பக்கத்தில் இருந்தேன். மலர் அந்தக் கடையில் இருந்து எடுத்தபோது, அங்கே அவளுக்குப் பின்னால் வழக்கமான வரிசை நின்றிருக்கும். அவள் குரலைத் தாழ்த்தவில்லை.

முன்பு விசாரித்த அதே அம்மாதானாம். வேலை என்ன என்று கேட்டதற்கு மலர் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள், தொண்ணூற்றாறு படி உட்பட. போன முறை ஏன் வேறு மாதிரிச் சொன்னீர்கள் என்று கேட்டார்களாம்.

"அவர் எனக்குப் பொய் சொன்னவர் எண்டு சொன்னன். மொழிபெயர்க்கிற அக்கா என்னைப் பாத்தா, இதைச் சொல்லட்டோ எண்டு. சொல்லுங்கோ எண்டனான். ஏன் பொய் சொன்னவர் எண்டு கேட்டினம்."

"நீர் என்ன சொன்னனீர்?"

"வெக்கத்தில எண்டனான். அவர் சரியான வெக்கம் பிடிச்ச ஆள், கடிதத்தில கேட்டாப் பொய் சொல்லுவார், நேரில கேட்டா மாட்டார் எண்டனான். அந்த அம்மா கன நேரம் எழுதினா."

நான் தொலைபேசியை வைத்த பிறகு அண்ணை என்னவாம் என்று கேட்டார். எழுதினவையாம் என்றேன். எழுதினால் நல்லது என்றார் அவர். மூன்று மாதத்தில் விசா வந்தது. செப்டம்பரில் மலர் வந்தாள்.

வந்து ஒரு மாதம் யன்னலால் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நானும் வேலைக்கு வாறன் என்றாள். எங்கள் கொம்பனி எடுத்தது. இப்போது முன்வீடு எனக்கு, பின்வீடு அவளுக்கு. என்னைவிடக் கெதியாக முடித்துவிட்டு முற்றத்தில் வந்து நிற்பாள். மேலே யன்னலில் நிற்கிற கிழவிக்குக் கை காட்டுகிறாள். கிழவியும் இப்போது காட்டத் தொடங்கிவிட்டாள். பிள்ளை இல்லை எங்களுக்கு. வைத்தியரிடம் போனோம், பிந்திவிட்டது என்றார். அதை இங்கே எழுதலாமா என்று அவளைக் கேட்டேன். எழுதுங்கோ என்றாள்.

போன கிழமை அவளுடைய தமையனிடம் இருந்து கடிதம் வந்தது. கடைசி வரியில், மாப்பிள்ளைக்கு மேற்பார்வையில் உயர்வு ஏதும் கிடைத்ததா என்று கேட்டிருந்தார். மலர் குசினி மேசையில் இருந்து மறுமொழி எழுதி எனக்கு வாசித்துக் காட்டினாள்.

"அண்ணா, இவர் மேற்பார்வையாளர் இல்லை. இவர் மாடிப்படி கழுவுகிறார். நானும் கழுவுகிறேன். ஊரில் ஆசுப்பத்திரியிலும் நான் தையல் வேலை செய்யவில்லை. இருவரும் சுகம்."

ஒட்டிப் போட்டுவிட்டு வாருங்கள் என்று என் கையில் தந்தாள். ஹெர்மன்பிளாட்ஸுக்குப் போகிற வழியில் மூன்று மஞ்சள் தபால் பெட்டிகள் இருக்கின்றன. இரண்டைத் தாண்டிப் போனேன். மூன்றாவதில் போட்டேன். வீட்டுக்கு வந்து இதை எழுத மேசையில் இருந்தேன்.

1998 நவம்பர் 22, ஞாயிற்றுக்கிழமை.